லாமா குட்டியைக் கொஞ்சாதீங்க!

ரீல்ஸில் அடிக்கடி கண்ணில் படும் காட்சி இது. அமெரிக்கப் பண்ணை ஒன்றில், நீளக் கழுத்தும் குச்சிக் கால்களுமாக ஒரு லாமா குட்டி பாட்டிலில் பால் குடிக்கும். 'செம க்யூட்' என்று ஒரு ஹார்ட் தட்டிவிட்டு நகர்ந்துவிடுவோம். ஆனால், லாமா வளர்ப்பவர்கள் முதலில் கேட்பது, 'குட்டி ஆணா, பெண்ணா?' என்றுதான். ஏன் தெரியுமா?

ஒட்டகத்துக்குச் சொந்தக்கார விலங்கான லாமாவின் பூர்வீகம், தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதி. சினைக்காலம் சுமார் 11 மாதங்கள். பெரும்பாலும் ஒரே குட்டிதான். ஆண் லாமா அருகில் வந்தால் பெண் லாமா துப்பி விரட்டுகிறதா? அநேகமாகச் சினைதான். ஸ்கேன் செய்து உறுதிப்படுத்திக்கொள்வார்கள்.

பிரசவம் பெரும்பாலும் பகலில்தான் நடக்கும். பசுவைப்போல குட்டியை நக்கி ஈரம் போக்க லாமாவால் முடியாது. அதன் நாக்கு அவ்வளவு தூரம் வெளியே நீளாது. மலைக்குளிரில் இரவில் பிறந்தால் ஈரமே எமனாகிவிடும். அதனால், பகல் வெயில்தான் குட்டிக்குத் துண்டு!

பிறக்கும்போது சுமார் 10 கிலோ இருக்கும் குட்டி, தட்டுத்தடுமாறி எழுந்து தாய்மடியைத் தேடும். முதல் நாளிலேயே சீம்பால் உள்ளே போயாக வேண்டும். நோய் எதிர்ப்பு சக்தி அதில்தான் கிடைக்கிறது. பண்ணைக்காரர்கள் தொப்புளில் அயோடின் வைத்துவிட்டு, தினமும் எடை பார்ப்பார்கள். மற்றபடி, தள்ளி நின்று கவனிப்பதுதான் அவர்கள் வேலை.

தாய்க்குப் பால் இல்லாவிட்டால் பாட்டில் பால்தான் வழி. சிக்கலே அங்குதான். தனியாக, மனிதர்களின் கொஞ்சலில் வளரும் ஆண் குட்டி, மனிதர்களையே தன் கூட்டமாக நினைத்துவிடும். பருவத்துக்கு வந்ததும், பால் கொடுத்தவரையே போட்டி ஆணாகப் பார்த்து முட்டித் தள்ளும், கடிக்கும். 'பெர்செர்க் மேல் சிண்ட்ரோம்' என்று இதற்குப் பெயர். 150 கிலோ விலங்கு பாய்ந்தால் என்ன ஆகும்? திருத்துவதும் கஷ்டம். சில லாமாக்களைக் கருணைக்கொலை செய்யும் நிலைகூட வந்திருக்கிறது. பாவம், அதன் தப்பா அது?

அதனால்தான் அனுபவசாலிகள், குட்டியைக் கூட்டத்தோடு விட்டே வளர்க்கிறார்கள். போவார்கள், பாட்டிலைக் கொடுப்பார்கள், திரும்பிவிடுவார்கள். கட்டிப்பிடிப்பதெல்லாம் கிடையாது.

அடுத்தமுறை அப்படி ஒரு ரீல் வந்தால், குட்டிக்குப் பின்னால் மற்ற லாமாக்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால், தாராளமாக ஹார்ட் தட்டலாம்!