எண் அழிந்த உதிரிகள்

இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை நீளும் தொழிற்பேட்டைகளில் பிறக்கும் ஒவ்வோர் உதிரிப்பாகத்துக்கும் ஓர் எண் உண்டு. ஹூண்டாய் 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனால்ட்-நிசான் ஆலை 2010-இலும், டைம்லரின் லாரி ஆலை 2012-இலும் திறக்கப்பட்டன. அங்கெல்லாம் ஒரு பாகத்தை எவரும் பார்த்து அடையாளம் காண வேண்டியதில்லை. எண்ணைச் சொன்னால் பொருள் வந்து சேரும். அதே சாலையில் நாற்பது வயதான ஜீப் ஒன்று நின்றுவிட்டால் நிலைமை வேறு. அதன் அடியிலிருந்து கழற்றிய, எண் அழிந்து துருவேறிய இரும்புத் துண்டு எதற்குரியது என்று சொல்லும் அறிவு இன்று பெரும்பாலும் சாலையோரப் பட்டறைகளில்தான் இருக்கிறது. அது தமிழில் எழுதி வைக்கப்பட வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

பழைய ஜீப்பைப் பாடபேதங்கள் மலிந்த ஓலைச்சுவடிக்கு ஒப்பிடலாம். இரண்டாம் உலகப் போரின்போது ஒரே வடிவமைப்பை வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களும் தயாரித்தன. ஃபோர்டு தன் பாகங்களில் 'எஃப்' என்ற எழுத்தைப் பொறித்து வைத்தது. 1940-களின் இறுதியில் மஹிந்திரா அவ்வண்டியை மும்பையில் பூட்டத் தொடங்கியது. பின்னர் வந்த எம்.எம். 540-இல் அமெரிக்க மரபுச் சட்டகத்தின்மேல் பிரெஞ்சு பூஜோ வடிவமைப்பிலான டீசல் இயந்திரம் அமர்ந்தது. சட்டகத்தில் அங்குலக் கணக்கு, இயந்திரத்தில் மில்லிமீட்டர் கணக்கு! அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். பதின்மூன்றாம் எண் ஸ்பானர் அந்த போல்ட்டில் பொருந்துவதுபோலத் தோன்றும்; அழுத்தித் திருகினால் தலையின் முனைகள் மழுங்கிவிடும்.

ஜோங்காவின் கதை இன்னும் விசித்திரமானது. நிசான் வடிவமைப்பைக் கொண்டு ஜபல்பூர் ராணுவ வாகனத் தொழிற்சாலை 1969 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தயாரித்த வண்டி அது. படை கழித்துவிட்டவை ஏலத்தில் பொதுமக்கள் கைக்கு வந்தன. ஒரகடம் ஆலையில் நிசானுக்கு இருந்த பங்கு 2025-இல் ரெனால்ட் வசமாயிற்று. ஆயினும் அப்பெயர் அங்கு விளங்கிய ஆண்டுகளிலும் ஜோங்காவின் உதிரி தேடியவர் புதுப்பேட்டைக்குத்தான் போக வேண்டியிருந்தது. ஒரே பெயர் என்பதால் உறவு உண்டென்று கொள்ள முடியாது.

எண் இல்லாத பாகத்தைப் படிப்பதற்கு ஒரு முறை உண்டு. முதலில் அளவு, அடுத்து மரை, பிறகு பல் எண்ணிக்கை. கிரவுனில் 43 பல், பினியனில் 8 பல் என்றால் விகிதம் 5.38. பழைய வில்லிஸ் வழி வந்த வண்டிகளில் இது காணக்கூடியது. முன் அச்சும் பின் அச்சும் ஒரே விகிதத்தில் இருந்தாக வேண்டும். முன்னே 43-க்கு 8, பின்னே 39-க்கு 8 என்று எவரேனும் மாற்றிப் பூட்டியிருந்தால், நான்கு சக்கர இழுவையைப் போட்டுக் கெட்டித் தரையில் ஓட்டும்போது இரு அச்சுகளும் ஒன்றையொன்று முறுக்கும். ஏதேனும் ஒன்று உடையும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

உயிர்போகும் இடங்களும் இருக்கின்றன. வில்லிஸ் மரபு வண்டிகள் பலவற்றில் இடப்பக்கச் சக்கரங்களின் ஸ்டட்டுகள் இடது மரை கொண்டவை. கழற்றும் திசை நேர்மாறானது. இதை அறியாதவர் கழற்றுவதாக எண்ணி முறுக்கிக்கொண்டே போவார். ஸ்டட் முறியும், அல்லது முறியாமல் உள்ளுக்குள் விரிசல் விட்டு மலைப்பாதையில் காத்திருக்கும்.

மாட்டுவண்டியைச் செய்தவன் ஆரக்கால், குடம், கடையாணி, நுகத்தடி என்று உறுப்புதோறும் பெயர் வைத்திருந்தான். ஜீப் வேற்றுமொழிப் பெயர்களோடு வந்தது. பட்டறைக்காரர்கள் அவற்றைத் தம் நாவுக்கு ஏற்ப வளைத்தார்கள். நான்கு சக்கர இழுவை அவர்களுக்கு 'ஃப்ரன்ட் கியர்'. வில்தகடு 'பட்டை'. 'மரை கழன்றவன்' என்ற வசைகூட இந்த உலகத்திலிருந்து வந்ததுதான். நம் கலைச்சொல் அகராதிகள் புதுச் சொற்களை ஆக்கித் தருகின்றன. அது தேவையான பணியே. ஆனால் புதுப்பேட்டைக் கடையில் பொருளை வாங்கித் தருவது பட்டறைச் சொல்லே. இரண்டையும் ஒரே பக்கத்தில் வைக்கும் நூல் வேண்டும்.

புகை கக்கும் பழைய வண்டிகள் ஒழியட்டுமே, இதற்கென்ன நூல் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வண்டிகள் ஒழியலாம். எண் அழிந்த பொருளைக் கையில் எடுத்து, அளந்து, எண்ணி, இது இன்னது என்று சொல்லும் பயிற்சி ஒழியக் கூடாது. இன்று ஒரகடத்தில் உருவாகும் வண்டிக்கும் ஒருநாள் நாற்பது வயதாகும். அன்று அதன் எண்கள் எந்தக் கணினியிலும் இல்லாமற்போகலாம்.

ஆகவே நாங்கள் வேண்டுவது எளியது. தொழிற்பயிற்சி நிலைய மாணவர்கள் ஆளுக்கொரு பட்டறைக்குப் போகட்டும். ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு படம், பட்டறை வழங்கும் பெயர், அளவு, மரையின் வகை, பொருந்தும் வண்டி ஆகிய ஐந்தையும் குறித்து வரட்டும். சொல் சேகரிப்பில் ஆர்வமுள்ள நம் போன்றோர் அவற்றைத் தொகுத்துத் தரலாம். நாட்டார் பாடல்களைத் தேடி ஊர் ஊராகப் போனவர்கள் நம்மிடையே உண்டு. பட்டறைகளுக்கும் அப்படிப் போக வேண்டும், பெயர் தெரிந்தவர்கள் இருக்கும்போதே.