ஓரப்பத்தி யாருடைய இடம்?

"ஓரத்தில் இருப்பவை வெறும் அலங்காரம். எழுத்து நடுவில் இருக்கிறது. நீங்கள் நடுவைப் பாருங்கள் ஐயா" என்று கண்டியிலிருந்து இளைய நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவரும் தோழர்களும் சேர்ந்து கண்டி, கம்பளை, நாவலப்பிட்டிப் பக்கத்து எழுத்தாளர்களின் சிறுகதைகளையும் தோட்டப்புற நினைவுக் குறிப்புகளையும் ஒரு வலைப்பூவில் சேர்த்து வருகிறார்கள். நல்ல பணி. எழுத்துப் பிழை குறைவு. தேர்விலும் கண் இருக்கிறது. ஆனால் அந்தப் பக்கத்தின் வலப்புற ஓரப்பத்தியைப் பார்த்துவிட்டு நான் சற்றுக் கடுமையாகவே எழுதினேன். அதற்கு வந்த பதில்தான் மேலே இருப்பது. அவர் ஒருவர் மட்டும் இப்படி நினைக்கவில்லை. தமிழில் வலைப்பதிய வந்தவர்களில் பெரும்பாலோர் எண்ணம் இதுவே. ஆகவே என் மறுப்பைப் பொதுவில் வைக்கிறேன்.

அந்த ஓரப்பத்தியில் என்ன இருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உச்சியில் ஒரு மணிக்கூடு. (கண்டி பஸ் நிலையத்தருகே மணிக்கூட்டுக் கோபுரமே இருக்கிறது, கணினியின் மூலையிலும் நேரம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.) அதன் கீழே, வருகையாளர் எந்தெந்த நாட்டிலிருந்து வந்தார்கள் என்று கொடிகளை அடுக்கும் பெட்டி. பிறகு வாவியும் தலதா மாளிகையும் மாறி மாறித் தோன்றும் படப்பெட்டி, கிரிக்கெட் ஓட்ட எண்ணிக்கை, முகநூல் விருப்பப் பெட்டி, எதற்கென்று விளங்காத இரண்டு வெற்றுச் சதுரங்கள். எல்லாம் முடிந்து அடிமட்டத்தில், ஆண்டும் மாதமும் போட்ட ஒரு சேமிப்புப் பட்டியல். இந்தப் பக்கத்தில் எழுதியவர்கள் யார், எந்த ஊரார், எந்தக் கதை எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஒரு வரிகூட இல்லை.

இதை அலங்காரம் என்று ஒதுக்க என்னால் முடியாததற்குக் காரணம் என் தொழில். பத்திரிகையில் பக்கம் கட்டுவது ஆசிரியத் தொழிலின் பாதி. எந்தச் செய்தி எட்டுப் பத்தியில், எது ஒற்றைப் பத்தியில், எது மடிப்புக்கு மேலே, எது கீழே என்று தீர்மானிக்கும் ஒவ்வொரு கணமும் உதவி ஆசிரியர் ஒரு கருத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஈய எழுத்துக் காலத்தில் பக்கம் கட்டி முடியும் வேளையில் பத்தியின் அடியில் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் இடம் மிஞ்சும். அச்சுக்கோப்பாளர் குரல் கொடுப்பார்: "துணுக்கு ஒன்று தாருங்கள்!" உலகின் மிக நீளமான ஆறு, ஒட்டகத்தின் ஆயுள் என்று ஏதாவது ஒன்று அந்தப் பள்ளத்தை நிரப்பும். துணுக்கை யாரும் இகழவில்லை. வாசகர் விரும்பிப் படித்தார்கள். ஆனால் அதன் இடம் பத்தியின் அடி. துணுக்கைப் பத்தியின் தலையில் வைத்துத் தலைப்புச் செய்தியை அடியில் செருகிய உதவி ஆசிரியர் மறுநாள் வேலைக்கு வந்திருக்க மாட்டார். இன்று வலைப்பக்கங்களின் ஓரத்தில் நடப்பது அதுதான்.

"பழைய அச்சுக்கூடக்காரருக்குப் புதிய வசதி பொறுக்கவில்லை" என்று நண்பர்கள் சிரிக்கலாம். அப்படியன்று. 2006க்கு முன் பிளாக்கரில் ஓரப்பத்தியில் ஒரு சுட்டியைச் சேர்ப்பதற்கு வார்ப்புருவின் நிரலுக்குள் கைவிட வேண்டியிருந்தது. ஒரு கோண அடைப்புக்குறி தவறினால் பக்கம் முழுவதும் குலைந்துவிடும். அந்த ஆண்டு ஆகஸ்டில் முன்னோட்டமாக வந்த புதிய பிளாக்கர், பக்கத்தைப் பெட்டிகளாகப் பிரித்து, எலியால் இழுத்து வேண்டிய இடத்தில் விடும் முறையைக் கொண்டுவந்தது. குறிச்சொற்களும் அத்துடன் வந்தன. 2007 மே மாதத்தில் வேர்ட்பிரசின் 2.2 பதிப்பு, அதுவரை தனிச் செருகுநிரலாக இருந்த விட்ஜெட் வசதியைத் தன்னுள்ளேயே சேர்த்துக்கொண்டது. நிரல் அறியாத ஒரு தோட்டப் பாடசாலை ஆசிரியரும் தன் பக்கத்தைத் தானே கட்டலாம் என்ற நிலை அப்போதுதான் பிறந்தது. பத்திரிகை முதலாளியோ பிரதம ஆசிரியரோ குறுக்கே நிற்காத ஒரு பக்கம்! அதன் அருமை எங்களைப் போன்றவர்களுக்குத் தெரிந்த அளவு இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. என் கோபமெல்லாம், கைக்கு வந்த அந்த அதிகாரத்தைக் கொடிப் பெட்டிக்கும் மணிக்கூட்டுக்கும் தானம் செய்துவிட்டோமே என்பதுதான்.

ஏனெனில் அந்தப் பெட்டிகள் நம்முடையவை அல்ல. நாம் ஒட்டுவது இரண்டு வரி நிரல். காட்டப்படும் பொருள் வேறு எவரோ நடத்தும் கணினியிலிருந்து வருகிறது. அவர் கடையை மூடினால் நம் வீட்டுச் சுவரில் ஓட்டை விழும். ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டபோது அங்கே தங்கியிருந்த படங்களும் எண்ணிகளும் போயின. கூகிள் ரீடர் 2013 ஜூலையில் போயிற்று. "எங்கள் ஓடையில் இணையுங்கள்" என்ற பொத்தான்கள் பல பக்கங்களில் இன்னும் தொங்குகின்றன. கூகிள் பிளஸ் 2019இல் மூடியது. ஃப்ளாஷுக்கான ஆதரவு 2020 டிசம்பருடன் முடிந்தது; ஆடும் மணிக்கூடு, பெய்யும் மழை, பாடும் பெட்டி யாவும் அத்துடன் வெற்றுச் சதுரங்கள் ஆயின. நண்பரின் பக்கத்தில் இருந்த இரண்டு சதுரங்களின் வரலாறும் இதுவாகவே இருக்கக்கூடும். இதைவிட மோசம், மூடிய கடையின் முகவரியை வேறொருவர் வாங்கி விளம்பரம் புகுத்துவது. வாசகர் கதை படிக்க வருவார். சூதாட்டப் பக்கம் திறக்கும். பழி எழுதியவர் தலையில்.

இனி மாதச் சேமிப்புப் பட்டியலுக்கு வருகிறேன். இழுத்துவிடும் பெட்டிகளில் ஆகப் பெரிய ஏமாற்று இதுவே. பார்த்தால் பொருளடக்கம்போல இருக்கும். "2011 மார்ச் (7)" என்று இருக்கிறது. அந்த ஏழில் என்ன இருக்கிறது? நாட்குறிப்பு எழுதுபவருக்கு மாதக் கணக்கு பொருந்தும். ஆனால் ஒரு பிரதேசத்தின் இலக்கியத்தைத் தொகுப்பவருக்கு, தாம் எந்த மாதம் தட்டச்சுச் செய்தோம் என்பது எவ்வகையில் முக்கியம்?

மலையகத்தின் கதையை எடுத்துக்கொள்வோம். கம்பளையருகே 1823இல் தொடங்கிய கோப்பித் தோட்டத்திலிருந்து எண்ணி, 2023இல் மலையகத் தமிழர் இருநூறு ஆண்டை நினைவுகூர்ந்தார்கள். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். தாத்தா எந்தத் தோட்டத்தில் பேர் பதிந்தார் என்று தேடும் பேரப்பிள்ளைகள் தமிழகத்திலும், இலண்டனிலும், தொரன்ரோவிலும் இருக்கிறார்கள். மலையகத்தை அறிந்தவர்களுக்குத் தெரியும்: ஒரு தோட்டத்துக்கு ஆங்கிலேயன் இட்ட பதிவுப் பெயர் ஒன்று, தொழிலாளர் வழங்கும் தமிழ்ப் பெயர் வேறொன்று. இரண்டுக்கும் ஓசைப் பொருத்தம்கூட இராது. தேடுபொறிக்கு இந்த இரட்டைப் பெயர் தெரியாது. நினைவுக் குறிப்பில் தமிழ்ப் பெயர் மட்டும் இருக்கும். பேரனின் கையிலிருக்கும் பழைய கடதாசியில் ஆங்கிலப் பெயர் மட்டும் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதிரே இடுகையின் சுட்டியைக் கொடுக்கும் ஒரு பட்டியலை எந்த விட்ஜெட்டும் தானாகச் செய்து தராது. அந்த ஊர்க்காரர் உட்கார்ந்து கையால் எழுத வேண்டும். ஓரப்பத்தியின் தலையில் இருக்க வேண்டியது அது. அங்கேதான் மணிக்கூடு இருக்கிறது!

குறிச்சொல் பெட்டி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, அதை ஒழுங்காகப் பயன்படுத்தியவரைக் காண்பது அரிது. ஒரே பக்கத்தில் 'மலையகம்', 'மலையக இலக்கியம்', 'மலையகத்தமிழர்', 'மலை நாடு' என்று நான்கு குறிச்சொற்கள். நான்கிலும் வெவ்வேறு இடுகைகள். 'கம்பளை' ஓரிடம், 'கம்பொளை' ஓரிடம். இயந்திரத்துக்கு இவை வேறு வேறு சொற்கள். பத்திரிகை அலுவலகங்களில் ஊர்ப் பெயரை எப்படி எழுதுவது என்று ஒரு தாள் சுவரில் ஒட்டியிருப்பார்கள். அந்தத் தாள் இல்லாமல் குறிச்சொல் இட்டால் வருவது பொருளடக்கம் ஆகாது. குப்பைக்கூடைக்குப் பெயர் ஒட்டியதாகத்தான் முடியும்.

கையால் பட்டியல் எழுதுவது நடக்காத காரியமன்று. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தின் தளத்துக்குப் போய்ப் பாருங்கள். கண்டியிலிருந்து மருத்துவர் தி. ஞானசேகரன் 2000 ஜூனில் தொடங்கிய 'ஞானம்' சஞ்சிகையின் இதழ்கள் அங்கே இருக்கின்றன. இதழ் ஒவ்வொன்றுக்கும் உரிய பக்கத்தில் அதன் உள்ளடக்கத்தை யாரோ வரி வரியாகத் தட்டச்சுச் செய்து வைத்திருக்கிறார்கள். ஆடம்பரம் ஏதும் இல்லை, ஆடும் படம் இல்லை. ஆனால் ஒரு சிறுகதையின் தலைப்பை மட்டும் அறிந்த ஒருவர் அதை வைத்துக்கொண்டு இதழைப் பிடித்துவிடலாம். பெயர் வெளித்தெரியாத அந்தத் தன்னார்வலர்கள் செய்த வேலையில் நூறில் ஒரு பங்குதான் நான் நண்பரிடம் கேட்பது.

இன்னொரு வருத்தமும் உண்டு. 'அபவுட் மீ', 'ஃபாலோவர்ஸ்', 'பாப்புலர் போஸ்ட்ஸ்' என்று பெட்டிகளின் தலைப்புகள் ஆங்கிலத்திலேயே கிடக்கின்றன. 1987இன் பதின்மூன்றாவது திருத்தத்தின் பின் தமிழும் அரசகரும மொழி. அலுவலகப் பலகையில் தமிழ் வரி இல்லையென்றாலும், இருந்து அது பிழையாக இருந்தாலும் படம் பிடித்துப் போட்டுக் கொதிக்கிறோம், கொதிக்க வேண்டியதுதான். ஆனால் நம் சொந்தப் பக்கத்தில், பெட்டியைத் திறந்து தலைப்பை மாற்றி எழுத அரை நிமிடம் போதும். அங்கே தமிழைத் தடுத்தது எந்த அமைச்சு?

நண்பரின் கடிதத்தில் ஒரு வாதம் மட்டும் வலுவானது: "இன்று எல்லோரும் கைப்பேசியில் படிக்கிறார்கள். ஓரப்பத்தியே தெரிவதில்லை. பிறகு அதற்கு ஏன் இத்தனை கவலை?" உண்மை. பழைய பிளாக்கர் பக்கங்கள் பலவற்றில் கைப்பேசி வடிவம் ஓரத்தைக் காட்டுவதேயில்லை. பெரும்பாலான வேர்ட்பிரஸ் வார்ப்புருக்களில் அது இடுகைக்குக் கீழே இறங்கிவிடுகிறது. இது என் கட்சிக்குத்தான் பலம். பதினைந்து பெட்டிகளும் கீழே இறங்கி வரிசையில் நிற்கும்போது, எதை முதலில் வைத்தீர்களோ அதுதான் வாசகர் கண்ணில் படும். மற்றவற்றுக்காக எவரும் விரலைத் தேய்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். மேலும், ஒவ்வொரு வெளிப் பெட்டியும் வாசகரின் டேட்டாவைத் தின்கிறது. ஹந்தானை மலைச்சரிவில் சிக்னல் ஒரு கோடு, இரண்டு கோடு என்று ஏறி இறங்கும் இடத்தில் கதை திறக்குமுன் கொடிகள் திறக்கக் காத்திருக்கும் வாசகரை நினைத்துப் பாருங்கள். முன்வாசல் வழியாக எவரும் வருவதில்லை என்பதும் சரியே. தேடுபொறியும் முகநூலும் அவரை நடு வீட்டில் இறக்கிவிட்டுப் போகின்றன. அப்படி இறங்கியவருக்குத்தான் இது யார் வீடு, அடுத்த அறை எங்கே என்று சொல்ல ஆள் வேண்டும்.

அடுத்த வீட்டையும் சொல்ல வேண்டும். முன்பு ஓரப்பத்திகளில் 'நான் வாசிப்பவை' என்று பத்துப் பக்கங்களின் பெயர் இருக்கும். திரட்டிகள் வந்தபின் அந்த வழக்கம் தேய்ந்தது. 'முஸ்லிம் நேசன்' இதழை 1882இல் தொடங்கி, 1885இல் 'அசன்பே சரித்திரம்' நாவலை வெளியிட்ட சித்திலெவ்வை கண்டியில் பிறந்தவர். கண்டித் தமிழ் எழுத்தைத் தொகுக்கும் ஒரு பக்கத்தின் ஓரத்தில் அவருக்கு ஒரு வரி இல்லை. முகநூல் நிறுவனத்துக்கு முந்நூறு புள்ளி உயரத்தில் பெட்டி இருக்கிறது.

நண்பருக்கு நான் எழுதிய யோசனை சுருக்கமானது. வெளியாரின் பெட்டிகள் அனைத்தையும் ஒரு நாள் எடுத்துவிட்டுப் பாருங்கள். எதைக் காணவில்லை என்று வாசகர் கேட்கிறார்களோ அதை மட்டும் திருப்பி வையுங்கள். தலையில் நீங்கள் யார், எந்த ஊர் என்று இரண்டு வாக்கியம், தமிழில். அடுத்து எழுத்தாளர் பெயர்வாரியாகவும் தோட்டம், ஊர் வாரியாகவும் கையால் எழுதிய பட்டியல். அதை ஓரத்தில் மட்டும் வைக்காமல் தனிப் பக்கமாகவும் வைத்து, ஒவ்வொரு இடுகையின் முடிவிலும் அதற்குச் சுட்டி கொடுங்கள். கைப்பேசி ஓரத்தை விழுங்கினாலும் அது தப்பும். பிறகு தேடல் பெட்டி, அயலவர் பட்டியல். மாதச் சேமிப்பு கடைசியில் கிடக்கட்டும். மணிக்கூட்டை விட மனம் வரவில்லையென்றால் அதற்கும் கீழே இடம் உண்டு.

வார்ப்புருவை மாற்றுமுன் இந்தப் பட்டியல்களின் படி ஒன்றைத் தனிக் கோப்பில் எடுத்து வைக்கும்படியும் சொல்லியிருக்கிறேன். பிளாக்கரில் இடுகைகளின் காப்பு வேறு, வார்ப்புருவின் காப்பு வேறு; முதலாவதை எடுத்துவிட்டு எல்லாம் பத்திரம் என்று நம்புகிறவர்களே அதிகம். புதிய வார்ப்புருவை ஏற்றும்போது பழைய பெட்டிகளை அழிக்கவா, வைக்கவா என்று ஒரு கேள்வி வரும். அவசரத்தில் அழி என்று அமுக்கினால் மாதக் கணக்கில் எழுதிய பட்டியல் நொடியில் போய்விடும்.

அவருடைய பதில் இன்னும் வரவில்லை. மறுப்பு இருந்தால் அதையும் இங்கே வெளியிடுவேன்.