ஆழாக்கைத் தொலைத்த அடுக்களை

செங்குன்றத்து ஆலைகளில் தீட்டிய அரிசி 25 கிலோ மூட்டையாகக் கும்மிடிப்பூண்டிக் கடைகளில் வந்து இறங்குகின்றது. சிப்காட் தொழிற்பேட்டையில் பணிசெய்து, தனியறை எடுத்துச் சமைத்துண்ணும் இளைஞரும் நங்கையரும் அதனை வாங்குகின்றனர். மூட்டையின்மேல் எழுதியிருப்பது எடை. அவர்கள் கையில் இருப்பதோ ஒரு குவளை. சமையற் குறிப்போ '300 கிராம் அரிசி, 75 கிராம் உளுந்து' என்கின்றது. அவ்வறையில் நிறைகோலுக்கு எங்கே போவது?

எடுத்தலும் முகத்தலும் வெவ்வேறு என்பதைத் தமிழன் நேற்றுக் கற்றானல்லன். அளவுப் பெயர்க்கும் நிறைப் பெயர்க்கும் முதலாக வரும் எழுத்துகள் ஒன்பது எனத் தொல்காப்பியர் தொகைமரபிலேயே வரையறுத்தார். நாழியும் உழக்கும் அளவு. கழஞ்சும் பலமும் நிறை. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில் நெல்லளந்த மரக்காலுக்கும் பொன்னிறுத்த கல்லுக்கும் 'ஆடவல்லான்' என்பதே பெயர். பெயர் ஒன்றாயினும், நெல்லை அளந்தனர், பொன்னை நிறுத்தனர். பழங்கணக்கில் 360 நெல் ஒரு செவிடு. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. ஆழாக்கு இரண்டு உழக்கு. உழக்கு இரண்டு உரி. உரி இரண்டு நாழி. ஆழாக்கினுள் அடங்குவன 1,800 நெல். உழவன் விளைத்த மணியே அளவுக்கு அடிப்படையாக நின்றது.

1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி கிலோ வந்தது. வணிகத்திற்கு அது நன்றே. கடன் கொடுக்குங்கால் படியைத் தலைதட்டியும், திரும்ப வாங்குங்கால் குவித்தும் அளந்து ஏழையை ஏய்த்தவர் பலர். ஊருக்கு ஊர் படியும் வேறுபட்டது. ஆயினும் மக்கள் நாவினின்று படி அகலவில்லை. 1967 தேர்தலில் அண்ணா உரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றுதான் சொன்னார், கிலோ என்றாரல்லர்.

கடைக்குரிய கிலோவை அடுப்பங்கரைக்கும் ஏற்றியதே பிழை. அந்த வெற்றிடத்தில் 'கப்' என்னும் அயற்சொல் குடியேறிற்று. எந்தக் கப்? அமெரிக்கக் கப் ஏறத்தாழ 240 மில்லி இலிட்டர். சோறாக்கும் மின் அடுகலன்கள் பலவற்றோடு வரும் சிறு குவளையோ 180. அது சப்பானியரின் பழைய 'கோ' என்னும் அளவு! மெட்ரிக் முறையை ஏற்ற பின்னரும் அந்நாட்டார் தம் அளவை அடுக்களையில் விட்டுவைத்து, அடுகலனோடு உலகெங்கும் அனுப்பினர். தமிழ்ப் பெண் அதனைக் கையிலேந்திக் 'கப்' என்கிறாள். ஆழாக்கோ பரண்மேல் கிடக்கின்றது.

சென்னைப் படியில் எட்டிலொன்றாகிய ஆழாக்கு 200 மில்லி இலிட்டரை ஒட்டியது. அவ்வளவில் அரிசி ஏறத்தாழ 170 கிராம் நிற்கும். பருப்பும் அதனை அடுத்தே. எனவே ஒரு கிலோ அரிசி ஆறு ஆழாக்குக்குச் சற்றே குறைவு. கோதுமை மாவோ காற்றை உள்ளடக்கியது. ஓர் ஆழாக்கு 110 கிராமைத் தாண்டுவதரிது. அதே ஆழாக்கில் பொடியுப்பு 240 கிராம்வரை ஏறும். எல்லாப் பண்டத்திற்கும் ஒரே கணக்குப் போடுவோர் உப்பில் தவறினால் உண்ணவே முடியாது. இட்டலிக்கோ இத்தொல்லையும் இல்லை: நாலுக்கு ஒன்று என்பது எக்கலத்தால் அளந்தாலும் நாலுக்கு ஒன்றுதான். முற்சொன்ன குறிப்பின் 300-க்கு 75-உம் அதுவே. நேரே சொல்லாமல் கிராமில் சுற்றி வளைத்தது ஏனோ?

தமிழ் இதழ்களும் சமையல் நூல்களும் 'கப்'பை நீக்கி, 200 மில்லி இலிட்டர் ஆழாக்கு என ஒருமுறை வரையறுத்து எழுதலாம். பொன்னேரி, திருவள்ளூர்ப் பள்ளிகளில் அளவைப் பாடம் நடத்துவோர் வீட்டிலிருந்து ஒரு குவளை கொணரச் செய்து, 200 மில்லி இலிட்டர் நீரூற்றி, நின்ற மட்டத்தில் மாணவர் கையாலேயே கோடு கீறச் செய்யலாம். செலவு ஓர் ஆணிதான்.