சைபீரியாவின் ‘உபரி’ நதிகள்

அணை நிரம்பி மதகுகள் திறக்கப்பட்ட மறுநாளே ‘இத்தனை டிஎம்சி வீணாகக் கடலில் கலந்தது’ என்று ஒரு கணக்கு நம் நாளிதழ்களில் வந்துவிடும். இந்தக் கணக்கை உலகிலேயே பெரிய அளவில் போட்டுப் பார்த்தவர்கள் சோவியத் பொறியாளர்கள். அவர்கள் கண்ணில் பட்டவை சைபீரியாவின் மூன்று பெருநதிகள்: ஓப், யெனிசெய், லேனா.

மூன்றில் ஓப் நதியின் வடிநிலம் மட்டும் ஏறக்குறைய 30 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவின் மொத்தப் பரப்பே சுமார் 33 லட்சம்தான். மற்ற இரண்டும் 25 லட்சத்தை ஒட்டியவை. யெனிசெய் ஆண்டுதோறும் கடலுக்குக் கொண்டுபோகும் நீர் ஏறத்தாழ 600 கன கிலோமீட்டர். நமக்குப் பழகிய அளவில் 21,000 டிஎம்சிக்கும் மேல். இவ்வளவு நீரும் மக்கள் அதிகம் வாழாத வடக்கே ஓடி ஆர்க்டிக் பெருங்கடலில் சேர்கிறது. தெற்கே, அதே சோவியத் ஒன்றியத்தின் எல்லைக்குள், உஸ்பெகிஸ்தானும் துர்க்மெனிஸ்தானும் தண்ணீருக்குத் தவித்தன. வரைபடத்தை மேசையில் விரித்து வைத்துப் பார்க்கிற எந்த அதிகாரிக்கும் இயற்கை கணக்கில் தவறிவிட்டதாகத்தான் தோன்றும்.

வடக்கு நோக்கி ஓடுவதால் இந்த நதிகளுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. வசந்தம் முதலில் எட்டிப்பார்ப்பது தெற்கே, மேல்பகுதியில். அங்கே பனி உருகி வெள்ளம் கிளம்பும்போது கீழ்ப்பகுதி இன்னும் உறைந்தே கிடக்கும். உடைந்து வரும் பனிப்பாளங்கள் வளைவுகளில் சிக்கி அணைபோல் அடைத்துக்கொள்ள, பின்னால் நீர் ஏறும். 2001 மே மாதம் லேனா கரையிலுள்ள லென்ஸ்க் நகரின் பெரும்பகுதி இப்படித்தான் மூழ்கியது. அடைப்பை உடைக்கப் போர் விமானங்களை அனுப்பி ஆற்றின்மேல் குண்டு வீசினார்கள். இன்னும் கீழே யாகூத்ஸ்க் இருக்கிறது. 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் அந்த நகரில் நதியைக் கடக்கக் கோடையில் படகு, குளிர்காலத்தில் உறைந்த நதியின் மேலேயே லாரிப் பாதை. பனி கட்டும் வாரங்களிலும் உடையும் வாரங்களிலும் இரண்டும் கிடையாது.

ஆனாலும் சைபீரியாவை ரஷ்யாவுக்குச் சேர்த்துக் கொடுத்தவை இந்த நதிகளே. 1582இல் யெர்மாக் தலைமையில் கோசாக்குகள் உரால் மலையைத் தாண்டினார்கள். 1632இல் யாகூத்ஸ்க் கோட்டை. 1639இல் பசிபிக் கரை. அறுபது ஆண்டுகளுக்குள் ஒரு கண்டத்தைக் கடந்த வேகத்துக்குக் காரணம், கிழக்கு மேற்காக ஓடும் கிளையாறுகள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் படகைத் தரையில் இழுத்துக்கொண்டு போனால் போதும். வழியெங்கும் சேபிள் எனும் மரநாயின் தோலுக்காக உள்ளூர் மக்களிடம் வரி பிடுங்கப்பட்டது தனிக் கதை. இரயில் வந்தபோதும் நதி விடவில்லை. 1893இல் ஓப் நதிக்குக் குறுக்கே இரயில் பாலம் கட்ட வந்த தொழிலாளர் குடியிருப்புதான் இன்று ரஷ்யாவின் மூன்றாவது பெரிய நகரமான நோவோசிபிர்ஸ்க்.

இருபதாம் நூற்றாண்டு இந்த நதிகளை மின்சாரமாகப் பார்த்தது. பைக்கால் ஏரியிலிருந்து வெளியேறும் ஒரே நதியான அங்காரா மீது இர்கூத்ஸ்க், பிராத்ஸ்க் என்று வரிசையாக அணைகள் எழுந்தன. யெனிசெய்யில் கிராஸ்னயார்ஸ்க் அணை 6,000 மெகாவாட். அருகிலேயே அலுமினிய ஆலைகள். அணையின் அடியிலிருந்து வெளியேறும் நீர் உறைநிலைக்குச் சற்று மேலே இருப்பதால் கிராஸ்னயார்ஸ்க் நகரத்தில் இப்போது கடும் குளிர்காலத்திலும் நதி உறைவதில்லை. நகரின் மீது மூடுபனி எழுந்து நிற்கிறது. பிராத்ஸ்க் நீர்த்தேக்கத்துக்காக இடம்பெயர்க்கப்பட்ட கிராமங்களில் ஒன்று எழுத்தாளர் வலந்தீன் ரஸ்பூத்தினுடைய அத்தலான்கா. அணைநீரில் மூழ்கப்போகும் தீவொன்றின் கடைசி நாள்களை அவர் 1976இல் நாவலாக எழுதினார். அந்த நாவல் தணிக்கையைத் தாண்டி வெளிவந்ததே ஒரு செய்தி: மின்சாரத்துக்குக் கொடுத்த விலையைப் பற்றிப் பேச ஆளும் கட்சிக்குள்ளேயே காதுகள் இருந்தன.

நதிகளைத் தெற்கே திருப்பும் யோசனை ஜார் காலத்திலேயே உண்டு. சோவியத் ஆட்சியில் அது திட்டமாக முற்றியது. ஓப்பும் அதன் கிளையாறான இர்டிஷும் கூடும் பகுதியிலிருந்து மத்திய ஆசியாவுக்கு 2,200 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் கால்வாய். முதல் கட்டத்தில் ஆண்டுக்கு சுமார் 27 கன கிலோமீட்டர் நீர். மேட்டூர் அணையைப் பத்துத் தடவை நிரப்பும் அளவு அது. வழியில் துர்காய் மேட்டு நிலத்தைத் தாண்டப் பல கட்டங்களில் நீரை ஏற்ற வேண்டும். இதற்கு இணையாக ஐரோப்பிய ரஷ்யாவின் வடநதிகளை வோல்காவுக்குத் திருப்பவும் திட்டமிருந்தது. பெச்சோரா, காமா நதிகளை இணைக்கும் கால்வாய் வெட்டும் சோதனையாக 1971 மார்ச்சில் மூன்று அணுகுண்டுகளை மண்ணுக்கடியில் வெடித்தார்கள். கால்வாய் வரவில்லை. வெடித்த பள்ளம் கதிர்வீச்சு மிச்சத்தோடு ஏரியாகக் கிடக்கிறது.

எதிர்த்தவர்களில் முக்கியமானவர் செர்கேய் சலீகின். நாவலாசிரியர், படிப்பால் நீரியல் பொறியாளர். 1960களிலேயே கீழ் ஓப் அணைத் திட்டத்தை எதிர்த்து எழுதியவர். அந்த அணை வந்திருந்தால் ஒரு லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல் மேற்கு சைபீரியா நீருக்கடியில் போயிருக்கும். சோவியத் பொருளாதாரத்தைப் பின்னர் தாங்கிப் பிடித்த எண்ணெய் வயல்களில் பலவும் அதோடு போயிருக்கும். நதி திருப்பும் திட்டத்தை 1986 ஆகஸ்டில் கோர்பச்சேவ் அரசு கைவிட்டபோது, அது எழுத்தாளர்களின் வெற்றி என்று கொண்டாடப்பட்டது. பாதி உண்மை. அந்த ஏப்ரலில்தான் செர்னோபில் வெடித்திருந்தது, எண்ணெய் விலை சரிந்திருந்தது, கருவூலத்தில் பணம் இல்லை. பணம் இருந்திருந்தால் சலீகினின் கட்டுரைகள் எடுபட்டிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

மத்திய ஆசியாவின் மனக்குறையைத் தட்டிக்கழிக்க முடியாது. மாஸ்கோ கேட்ட பருத்திக்காக ஆமு தாரியா, சிர் தாரியா நதிகளை வயல்களுக்குத் திருப்பினார்கள். 1960இல் 68,000 சதுர கிலோமீட்டர் பரந்திருந்த ஆரல் கடல் வறண்டு பத்தில் ஒரு பங்கானது. பருத்தியை வாங்கிக்கொண்டவர்கள் தண்ணீர் தராமல் கைவிரித்தார்கள் என்று தாஷ்கண்டில் ஒருவர் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால், கணக்கு உதைக்கிறது. ஆரல் நலமாக இருந்த காலத்தில் அதற்கு ஆண்டுக்கு வந்த ஆற்றுநீர் 50 கன கிலோமீட்டருக்கும் மேல். திட்டம் தர இருந்தது அதில் பாதி. அதுவும் கடலை நிரப்ப அன்று. மேலும் வயல்களுக்குப் பாய்ச்ச. 1,300 கிலோமீட்டருக்கும் நீளமான காராகும் கால்வாய் வெறும் மண் கால்வாய். அதில் விடும் நீரின் கணிசமான பகுதியை மணல் குடிக்கிறது. சைபீரிய நீர் வந்திருந்தாலும் அதே மணலுக்குத்தான் போயிருக்கும். நேர்மாறாக, கசகஸ்தான் 2005இல் உலக வங்கி உதவியோடு 13 கிலோமீட்டர் நீளத்தில் ஓர் அணைக்கரையைக் கட்டி, சிர் தாரியா நீர் தெற்கே வழியாமல் தடுத்தது. வட ஆரலின் நீர்மட்டம் சில மாதங்களிலேயே எதிர்பார்த்த உயரத்தை எட்டியது. மீன்பிடியும் திரும்பியது.

சரி, அந்த மூன்று நதிகளும் கடலில் போய் என்ன செய்கின்றன? ஆர்க்டிக் பெருங்கடலில் உலகக் கடல் நீரில் ஒரு விழுக்காடுதான் இருக்கிறது. உலக ஆறுகளின் நீரில் பத்து விழுக்காட்டுக்கும் மேல் அங்கே போய்ச் சேர்கிறது. உப்பில்லாத நீர் இலேசானது. அது மேலே மிதந்து படலமாகப் பரவி, அட்லாண்டிக்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான உப்பு நீரை அடியிலேயே நிறுத்துகிறது. வடதுருவத்தின் கடற்பனி இந்தப் படலத்தின் மேல்தான் கட்டுகிறது. ஓப் நதியின் முக்சூன் மீன் கழிமுகத்தில் மேய்ந்து, முட்டையிட ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஆற்றில் ஏறும். நோவோசிபிர்ஸ்க் அணை 1957இல் அந்த வழியின் மேல்பகுதியை அடைத்தது.

மரக்கட்டைகளின் பயணம் இன்னும் வியப்பானது. லேனாவும் யெனிசெய்யும் கரையை அரித்து வீழ்த்தும் மரங்கள் கடற்பனியில் சிக்கி, துருவத்தைக் கடந்து, ஸ்வால்பார்டிலும் ஐஸ்லாந்திலும் கிரீன்லாந்திலும் கரை ஒதுங்குகின்றன. மரம் அரிதான கிரீன்லாந்தின் கரைகளில் இனுயிட் மக்கள் இப்படி வந்த மரத்தைக் கொண்டுதான் படகும் சறுக்குவண்டியும் செய்தார்கள். 1881இல் சைபீரியாவுக்கு வடக்கே நொறுங்கிய ஜானெட் கப்பலின் சிதைவுகள் மூன்று ஆண்டுகளில் கிரீன்லாந்தில் கிடைத்தன. அதையும் இந்த மரங்களையும் வைத்து நீரோட்டத்தின் திசையை ஊகித்த நார்வே துருவ ஆய்வாளர் நான்சென், 1893இல் தன் கப்பலைப் பனியில் சிக்கவைத்து மிதந்து போனார். திட்ட அறிக்கையில் இதற்கெல்லாம் எந்தக் கட்டத்தில் மதிப்புப் போடுவது?

இந்தியாவிலும் பொறியாளரும் மத்திய அமைச்சருமான கே.எல்.ராவ் 1972இல் முன்வைத்த கங்கை-காவிரி இணைப்பு 2,640 கிலோமீட்டர். நீளத்திலும் நம்பிக்கையிலும் சோவியத் கால்வாயின் உடன்பிறப்பு. இன்று கென்-பெட்வா இணைப்பு அடிக்கல்லைத் தாண்டிவிட்டது. சைபீரியாவில் நடந்ததே இங்கும் நடக்கும் என்று சொல்ல முடியாது. பருவமழை நதியும் பனி நதியும் ஒன்றல்ல. உபரி என்று முடிவு கட்டுவதற்கு முன் கீழ்ப்பகுதியைக் கேட்டார்களா என்பது மட்டும் இரண்டு இடத்துக்கும் பொதுவான கேள்வி.

சோவியத் திட்டம் செத்ததாகச் சொல்லப்பட்டாலும் அவ்வப்போது எழுந்து உட்காருகிறது. 2002இல் மாஸ்கோ மேயர் லுஷ்கோவ் அதற்கு உயிர் கொடுக்கப் பார்த்தார். 2010இல் கசகஸ்தான் அதிபர் நசர்பாயெவ் ரஷ்ய அதிபரிடம் நேரடியாகப் பேசினார். ஆமு தாரியாவிலிருந்து ஆப்கானிஸ்தான் வெட்டும் கோஷ் தெபா கால்வாய் முடிந்தால், கீழே வரும் நீர் குறைந்து, இந்தப் பேச்சு இன்னும் சூடாகும்.

பெரிய கால்வாயைப் பற்றிய சண்டை இப்படித் தொடர, சிறிய கால்வாய்கள் சத்தமில்லாமல் வேலை செய்துகொண்டிருக்கின்றன. இர்டிஷ் பிறப்பது சீனாவின் அல்டாய் மலையில். அங்கேயே அதன் நீரை காராமாய் எண்ணெய் வயல்களுக்கும் உரும்ச்சி நகரத்துக்கும் சீனா திருப்புகிறது. அடுத்து கசகஸ்தான், 1970களிலிருந்தே கரகண்டாவுக்கு அதே நதியிலிருந்து நீரேற்றுகிறது. மூன்று நாடுகளும் சேர்ந்து கையெழுத்திட்ட நீர்ப் பங்கீட்டு ஒப்பந்தம் எதுவும் கிடையாது. நதி ரஷ்யாவுக்குள் வந்து ஓம்ஸ்க் நகரத்தை அடையும்போது கோடையில் நீர்மட்டம் இறங்கிப்போகிறது என்று, அதை உயர்த்த 2011இல் அங்கே ஒரு தடுப்பணை கட்டத் தொடங்கினார்கள். சோவியத் பொறியாளர்கள் உபரி என்று குறித்துவைத்தது இந்த இர்டிஷ் நீரையும் சேர்த்துத்தான்.