ஒட்டுப் போட்ட பை ஏழ்மையின் சின்னமா?

காலை நேரத்தில் குர்லாவிலோ தாதரிலோ மின்சார ரெயிலில் ஏறும் குமாஸ்தாவின் கையில் ஒரு பை இருக்கும். சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், மழைக்காலமானால் குடை, மாலையில் வீடு திரும்பும்போது காய்கறி என்று அத்தனையும் அந்தப் பைக்குள்தான்.

அந்தப் பையின் மேல் அச்சிட்டிருப்பது யாருடைய பெயர்? ஊரிலுள்ள ஜவுளிக்கடையின் பெயர். அல்லது ஏதோ ஒரு கம்பெனியின் பெயர். அல்லது எப்போதோ போய்வந்த கலியாணத்தில் மாப்பிள்ளை, பெண்ணின் பெயர். சுமப்பவர் ஒருவர், பெயர் இன்னொருவருடையது! ஒரு பைசா கூலி இல்லாமல், கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு, அடுத்தவருக்கு விளம்பரம் செய்கிறார் அவர்.

பெரியவர்கள் பாடு இப்படியென்றால், பிள்ளைகள் பாடு வேறு விதம். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது புத்தகம், சீருடை, செருப்பு, மழைக்கோட்டு என்று செலவு வரிசையாக வந்து நிற்கிறது. அதோடு பொம்மைப் படம் போட்ட பையும் வேண்டுமென்று பிள்ளை அடம்பிடிக்கிறது. தகப்பனார் கைமாற்று வாங்கியாவது அதை வாங்கித் தருகிறார். தீபாவளிக்குள் ஜிப் போய்விடுகிறது. தோள்பட்டி பிய்ந்து தொங்குகிறது. பணம் போனது படத்துக்கு, தையலுக்கு அல்ல.

மஞ்சள் பையும் வெட்கமும்

தமிழருக்குத் துணிப்பை புதிதல்ல. டிரங்குப் பெட்டியும் மஞ்சள் பையுமாகப் பம்பாயில் வந்து இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழ்கிறார்கள். ஆனால் அந்தப் பைக்கு மரியாதை இல்லாமல் போய்விட்டது. 'மஞ்சப்பை' என்றால் பட்டிக்காட்டான் என்று கேலி பேசினார்கள். பிளாஸ்டிக் பை நாகரிகமாயிற்று. துணிப்பை அரிசி டப்பாவின் பின்னால் ஒளிந்துகொண்டது.

காலம் திரும்பிவிட்டது. மகாராஷ்டிரத்தில் 2018-ல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசே இயக்கம் தொடங்கியது. எந்தப் பையைச் சொல்லிக் கேலி பேசினார்களோ, அதே பையைக் கையில் எடுங்கள் என்று மேடை போட்டுச் சொல்ல வேண்டிய நிலை வந்தது.

இதிலும் ஒரு ஏமாற்று உண்டு. கடைகளில் துணிப்பை போலத் தொங்கும் பல பைகள் துணியே அல்ல. நெய்யாமல், பிளாஸ்டிக் இழையை அழுத்திச் செய்தவை அவை. நெசவு இல்லாததால் நூல் பிரியாது. வெயிலில் கிடந்தால் பொடிப்பொடியாய் உதிரும். துணி என்று நினைத்து அதைக் காசு கொடுத்து வாங்குவதை விட, வீட்டிலேயே ஒரு பை தைத்துக்கொள்வது மேல்.

தைப்பது கடினமா?

கடினமில்லை. 1 மீட்டர் அகலமுள்ள கெட்டித் துணி 1 மீட்டர் இருந்தால் இரண்டு பைகளும் அவற்றுக்கான நான்கு கைப்பிடிகளும் வெட்டிக்கொள்ளலாம். முதலில் துணியை ஒரு இரவு ஊறவைத்துக் காயப்போட வேண்டும். இல்லாவிட்டால் தைத்த பிறகு சுருங்கும்.

ஒரு பைக்கு 90 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம் போதும். வாய்ப்பகுதி இரண்டையும் 3 செ.மீ. மடித்து அடித்து, துணியை இரண்டாக மடக்கிப் பக்கங்களைத் தைத்தால், காய்கறியும் டப்பாவும் தாராளமாகக் கொள்ளும் பை கிடைக்கும். கைப்பிடிக்கு 8 செ.மீ. அகலப் பட்டியை நாலாக மடித்துத் தைக்க வேண்டும். கையில் பிடிக்க 50 செ.மீ. நீளம், தோளில் மாட்ட 70 செ.மீ.

கடைப் பைகள் பிய்வது பெரும்பாலும் கைப்பிடி சேரும் இடத்தில்தான். அங்கே ஒற்றைத் தையல் போதாது. பட்டியின் நுனியைப் பையின் வாய்க்குக் கீழே 5 செ.மீ. இறக்கி, சதுரமாகத் தைத்து, அதன் நடுவே குறுக்கும் நெடுக்குமாக இரண்டு தையல் போட வேண்டும். மெஷின் இல்லாத வீட்டில், ஒவ்வொரு தையலுக்கும் ஊசியைப் பின்னால் குத்தி முன்னால் எடுக்கும் கெட்டித் தையல், இரட்டை நூலில் போட்டால் போதும். மழைக்காலத்துக்கு, கம்பி ஒடிந்த பழைய குடையின் துணியை உள்ளே கொடுத்துத் தைத்தால் ஈரம் எளிதில் இறங்காது.

ஒட்டில் இருக்கிறது அழகு

இனி பெயர் விஷயம். வெறும் பை என்றால் நூறு பைகளில் ஒன்று. அதன் மேல் ஒரு மாங்காயோ, மீனோ, யானையோ வேறு நிறத் துணியில் வெட்டி ஒட்டுப் போட்டால், அது அந்த வீட்டுப் பை. ரெயிலில் சாமான் தட்டில் பத்துப் பைகளுக்கு நடுவே கிடந்தாலும் ஒரே பார்வையில் தெரியும். எழுத்துத் தெரியாத பால்வாடிக் குழந்தைகூடத் தன் பையைத் தானே எடுத்துக்கொள்ளும்.

ஒட்டுத் துணிக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. கிழிந்த பட்டுச்சேலையின் கரை, அப்பாவின் வேட்டிக்கரை, பிள்ளைக்குச் சிறிதாகிப்போன சட்டை எல்லாம் உதவும். பழைய ஜீன்ஸின் பாக்கெட்டை அப்படியே வெட்டித் தைத்தால், சீசன் டிக்கெட் வைக்க இடம் ஆயிற்று. தாராவியின் தையல் பட்டறைகளில் மீந்த துணியை மராத்தியில் 'சிந்தி' என்கிறார்கள். அதைத் தெரிந்தவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஜவுளிக்கடைப் பையே வீட்டில் கிடந்தால், அச்சிட்ட பெயரின் மேலேயே ஒரு பெரிய ஒட்டைப் போட்டுவிடலாம்!

உருவத்தை அட்டையில் வெட்டி, துணியைச் சுற்றிலும் 1 செ.மீ. கூடுதலாக விட்டு வெட்ட வேண்டும். வளைவுகளில் சிறு சிறு வெட்டுக் கொடுத்து, அட்டையின் மேல் மடக்கி இஸ்திரி போட்டால் ஓரம் படியும். பிறகு அட்டையை எடுத்துவிட்டுக் குண்டூசி குத்தித் தைக்கலாம். பையின் பக்கங்களைத் தைக்கும் முன்பே ஒட்டைத் தைத்துவிட வேண்டும்; பிறகு கை நுழையாது. சிவப்புத் துணியானால் முன்னதாகவே உப்புத் தண்ணீரில் அலசிச் சாயம் போகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. பசை போட்டு ஒட்டுவது இரண்டு சலவைக்குக்கூடத் தாங்காது.

குழந்தையின் முழுப்பெயரையும் முகவரியையும் பையின் வெளியே தைப்பது வேண்டாம். அறியாதவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் குழந்தை நம்பிவிடும். வெளியே யானை, உள்ளே பெயர் என்று இருக்கட்டும்.

வெட்கம் எதற்கு?

"ஒட்டுப் போட்ட பையா? நாலு பேர் என்ன நினைப்பார்கள்?" என்று கேட்கும் வீடுகள் உண்டு. அவர்கள் சற்றுச் சிந்திக்க வேண்டும். கும்பகோணம், தஞ்சாவூர் பக்கத்துத் தேர்களில் தொங்கும் தொம்பைகள் என்ன? துணி மேல் துணி வைத்துத் தைத்த ஒட்டு வேலைதானே! பூரி ஜகந்நாதரின் தேர் விதானத்துக்கு ஒடிசாவின் பிப்பிலி ஊரார் செய்வதும் அதே வேலைதான். மராட்டியக் கிராமத்துப் பாட்டிமார் பழம்புடவைத் துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் 'கோதடி'யைப் பக்கத்து வீட்டிலேயே பார்க்கலாம். சாமிக்கு ஆகும் ஒட்டு, ஆசாமிக்கு ஆகாதா?

உண்மையில் வெட்கப்பட வேண்டியது வேறு ஒன்று. ஏற்றுமதிக்கும் பெரிய கடைகளுக்கும் நாளெல்லாம் பை தைக்கும் கை தமிழ்த் தொழிலாளியின் கை. அவர் வீட்டுப் பிள்ளையின் தோளில் தொங்குவது கடையில் வாங்கிக் கிழிந்த பை! தையல் பெண்கள் வேலை என்ற பேச்சும் இங்கே எடுபடாது. மும்பையின் பட்டறைகளில் மெஷின் மிதிப்பவர்களில் ஆண்கள் ஏராளம். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம், குழாயடியிலும் அடுப்படியிலும் அலுத்துப்போன மனைவியின் மேல் இந்த வேலையையும் ஏற்றாமல், கணவனும் ஊசி எடுக்கலாம்.

ஓர் எச்சரிக்கை

பை நன்றாக அமைந்தால் அக்கம்பக்கத்தார் கேட்பார்கள். விற்பதில் தவறில்லை. ஆனால் துணி, நூல், மின்சாரம் மட்டுமே விலை அல்ல; உட்கார்ந்து தைத்த நேரமும் விலைதான். அதைக் கணக்கில் சேர்க்காமல் விற்றால், தைத்தவர் தன் உழைப்பைத் தானம் செய்கிறார் என்று பொருள். "வீட்டிலிருந்தே பை தைத்து ஆயிரக்கணக்கில் சம்பாதிக்கலாம், முன்பணம் கட்டுங்கள்" என்று வரும் விளம்பரங்களிடம் இரட்டை எச்சரிக்கை தேவை. வேலை கொடுப்பவன் கூலி தர வேண்டும். கூலிக்காரனிடம் பணம் கேட்கக் கூடாது.

கனமான பாடப்புத்தகங்களுக்குச் சேலைத் துணிப் பை தாங்காது என்பதையும் மறக்கக் கூடாது. அதற்குக் கெட்டிக் கான்வாசும் அகலமான தோள்பட்டியும் வேண்டும். அது முடியாவிட்டால், பிய்ந்த பள்ளிப் பையையே கெட்டித் தையலாலும் அழகான ஒட்டாலும் செப்பனிட்டு இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாம். டிபனுக்கும், டியூஷனுக்கும், மார்க்கெட்டுக்கும் வீட்டுப் பை தாராளமாகப் போதும்.

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று சொல்லி வளர்த்தவர்கள் பெரியவர்கள். கந்தையையும் கண்ணுக்கு அழகாக வெட்டித் தைத்து, தன் பெயரில் தானே சுமப்பது அதற்கும் ஒரு படி மேல். பிழைக்க வந்த ஊரில் அடுத்தவர் பெயரைச் சுமந்தது போதும். ஊசியும் நூலும் வீட்டில் இருக்கின்றன. போக வேண்டியது தயக்கம் ஒன்றுதான்.