உணவக மேசையில் சமத்துவம்: 12(3) யாருக்காக எழுதப்பட்டது?

அரசியலமைப்பு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது 13ஆவது திருத்தமும், காணி, பொலிஸ் அதிகாரங்களுமே. அதே அரசியலமைப்பில் சாப்பாட்டுக்கடையைப் பற்றியும் ஓர் ஏற்பாடு இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. இனம், மதம், மொழி, சாதி, பால் ஆகியவற்றில் எதையும் காரணம் காட்டி, கடைகளுக்கோ பொது உணவகங்களுக்கோ ஹோட்டல்களுக்கோ செல்லும் எவரையும் தடுக்கவோ, கட்டுப்பாடு விதிக்கவோ கூடாது என்கிறது 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12(3) உறுப்புரை.

உணவகத்தைப் பற்றி அரசியலமைப்பில் எழுத வேண்டிய தேவை ஏன் வந்தது என்பதை யாழ்ப்பாணத்தவருக்கு விளக்க வேண்டியதில்லை. ஒடுக்கப்பட்ட சாதியினர் தேநீர்க்கடைக்குள் இருந்து குடிக்க முடியாத காலம் இங்கு இருந்தது. அவர்களுக்கெனத் தனிப் பேணிகள் வைக்கப்பட்டிருந்தன. இதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இலேயே வந்துவிட்டது. ஆனால் சட்டம் கடை வாசலைத் திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21 சுன்னாகம் ஊர்வலமும், அதன் பின்னர் சங்கானை, சாவகச்சேரி முதலான இடங்களில் நடந்த தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்களுமே அதைத் திறந்தன. அந்தப் போராட்டங்களில் உயிர்களும் பலியாகின. ஒரு கோப்பைத் தேநீர் எந்த மரியாதையோடு வைக்கப்படுகிறது என்பது நமது மண்ணில் அரசியலாகவே இருந்து வந்திருக்கிறது.

இன்று வாசலில் யாரும் மறிப்பதில்லை. மேசையில்தான் வேறுபாடு தொடங்குகிறது. தமிழர் பெரும்பான்மையாக வாழும் நகரங்களிலேயே, சுற்றுலாப் பயணிகளை நம்பியிருக்கும் விடுதிகள் பலவற்றில் உணவுப் பட்டியல் ஆங்கிலத்தில் மட்டும் இருக்கிறது. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத ஒரு தாய் விலையைக் கேட்கக் கூச்சப்பட்டு, பிள்ளை சொன்னதையே தனக்கும் சொல்லிவிடுகிறார். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரோடு போனால் ஒரு கவனிப்பு, ஊர்க்காரராகத் தனியே போனால் வேறு கவனிப்பு என்பதும் பலர் சொல்லும் குறை. பழைய தனிப் பேணியின் இடத்தை இப்போது மொழியும் காசும் எடுத்துக்கொள்கின்றன.

வடக்கில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. காங்கேசன்துறையில் இராணுவம் ‘தல்செவன’ உல்லாச விடுதியை நடத்துகிறது. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையிலுள்ள கடற்கோட்டையில் விடுதி நடத்துவது கடற்படை. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த ஒரு குடும்பத்துக்கு, அந்தக் கடற்கரையில் விருந்தினராக அமர்ந்து பணம் கொடுத்துச் சாப்பிடுவது எப்படியிருக்கும்? பரிமாறும் சிப்பாய் எவ்வளவு பணிவாக நடந்தாலும் அந்தக் கேள்வி மேசையில் இருந்துகொண்டே இருக்கும். படையினர் நடத்தும் விடுதியோடு, வங்கிக் கடனும் சம்பளமும் வாடகையும் கட்டும் உள்ளூர்க்காரர் போட்டியிடவும் முடியாது.

சட்டத்தின் ஓட்டையையும் அறிந்திருக்க வேண்டும். அடிப்படை உரிமை மீறலுக்காக 126ஆவது உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றம் செல்லலாம். ஆனால் மீறல் அரச நிர்வாகத்தின் செயலாக இருக்க வேண்டும். மனுவும் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்யப்பட வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அதன் விசாரணைக் காலம் கணக்கில் சேராது. படையினர் நடத்தும் விடுதியில் மொழியால் பாகுபாடு நேர்ந்தால், அது அரசின் செயலே என்று வாதிட இடமுண்டு. தனியார் உணவகத்தில் அதே பாகுபாடு நேர்ந்தால் இந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிடுகிறது. உரிமை எழுதப்பட்ட இடம் ஒன்று, அது அன்றாடம் மீறப்படும் இடம் வேறொன்று.

தனியார் இடங்களில் கைகொடுக்கக்கூடியது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். பணம் கொடுத்துப் பெறும் சேவை உரிய கவனத்தோடும் திறமையோடும் வழங்கப்பட வேண்டும் என்கிறது அது. பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். சேவைக் கட்டணம் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சேர்த்திருந்தால் அதற்கு மேலும் சந்தோஷம் கொடுப்பது உங்கள் விருப்பம் மட்டுமே. குறையிருந்தால் மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறைப்பாடு செய்யலாம். 1977 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். எல்லாவற்றுக்கும் முதல், தமிழில் பட்டியல் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்கு அது மேசையில் இருக்கும்.

கேட்கும்போது எதிரே நிற்பவரையும் பார்க்க வேண்டும். தட்டேந்தி நிற்கும் பிள்ளைகள் பலர் போரில் தகப்பனையோ தமையனையோ இழந்த வீடுகளிலிருந்து வந்தவர்கள். 2025 ஏப்ரலில் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அதை வைத்து ஒரு குடும்பம் எத்தனை நாள் ஓடும் என்பது எல்லோருக்கும் தெரியும். நாம் செலுத்தும் சேவைக் கட்டணம் அந்தப் பிள்ளைகளின் கைக்குப் போகிறதா என்று முதலாளியிடம் கேட்பதும் வாடிக்கையாளரின் வேலைதான். பரிமாறுகிறவரை ‘டேய்’ என்று கூப்பிட்டுக்கொண்டு நமக்கு மட்டும் மரியாதை கேட்க முடியாது. தேநீர்க்கடைக்குள் நுழையப் போராடியவர்கள் கேட்ட சமத்துவம், மேசையின் இரு பக்கத்துக்கும் உரியது.