வெப்சைட்டில் இன்ஸ்டா படம் வரவில்லையா? காரணம் இதுவாக இருக்கலாம்!

2024 டிசம்பர் முதல் வாரம். ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்து சில நாள்கள்தான் ஆகியிருந்தன. மாமல்லபுரம், கோவளம் பக்கம் ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களுக்கும் சர்ஃபிங் கற்றுத் தருகிறவர்களுக்கும் கடல்தான் கவலை. அந்த வாரம், டிசம்பர் 4-ம் தேதி, இன்ஸ்டாகிராமின் 'பேசிக் டிஸ்பிளே ஏ.பி.ஐ.' சத்தமில்லாமல் நிறுத்தப்பட்டது.

பெயரைக் கேட்டு பயப்பட வேண்டாம். ஏ.பி.ஐ. என்பது ஒரு கவுன்டர் மாதிரி. 'புதுசா போட்ட போட்டோ குடுங்க' என்று உங்கள் வெப்சைட் அங்கே கேட்கும்; இன்ஸ்டாகிராம் கொடுக்கும். காலையில் செதுக்கி முடித்த பிள்ளையாரை இன்ஸ்டாவில் போட்டால், சிற்பப் பட்டறையின் வெப்சைட்டிலும் அது தானாக வந்து நிற்பது இப்படித்தான். அந்த கவுன்டர் மூடியதும், பழைய வழியிலேயே கேட்டுக்கொண்டிருந்த தளங்களுக்குப் புதுப் படம் வருவது நின்றுபோனது.

சொல்லாமலா மூடினார்கள்? செப்டம்பர் 4-ம் தேதியே மெட்டா அறிவித்துவிட்டது. மூன்று மாத அவகாசம். ஆனால் அந்த எச்சரிக்கை போவது கடைக்காரருக்கு அல்ல, இணைப்பைப் பதிவுசெய்த டெவலப்பருக்கு! சின்னக் கடைகளுக்கு வெப்சைட் செய்து தருவது பெரும்பாலும் தெரிந்த பையன்தான். செங்கல்பட்டில் படிக்கும்போது செய்து கொடுத்திருப்பான். இப்போது பரனூர் மஹிந்திரா வேர்ல்டு சிட்டியிலோ பெங்களூரிலோ வேலை. பழைய மெயிலை யார் திறந்து பார்க்கிறார்கள்?

டிசம்பர், ஜனவரிதான் மாமல்லபுரத்துக்கு சீசன். நாட்டிய விழாவுக்கென்றே வெளியூர்க்காரர்கள் வருவார்கள். 2017-ல் புவிசார் குறியீடு பெற்ற கற்சிற்பத்தை ஆர்டர் செய்ய நினைப்பவர், சமீபத்தில் என்ன செதுக்கியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் தேடுவார். கட்டம் காலியாக இருந்தால், 'பட்டறை நடக்குதா இல்லையா' என்று யோசித்து அடுத்த வெப்சைட்டுக்குப் போய்விடுவார். போன்கூட செய்ய மாட்டார். என்ன போனது என்பது உரிமையாளருக்குத் தெரியவே தெரியாது.

சரிசெய்வது பெரிய வேலை இல்லை. புதிய கவுன்டர் பிசினஸ், கிரியேட்டர் கணக்குகளுக்கு மட்டும்தான். பர்சனல் கணக்குக்குக் கிடையாது. செட்டிங்ஸில் இலவசமாகவே மாற்றிக்கொள்ளலாம். மாற்றிய பின் கணக்கை பிரைவேட்டாக வைக்க முடியாது. அதனால் வீட்டுப் படங்கள் இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள். பிறகு வெப்சைட்டில் உள்ள பிளக்-இன்னை அப்டேட் செய்து, மறுபடி லாகின் செய்து இணைக்க வேண்டும். அப்போது கிடைக்கும் 'டோக்கன்' என்ற அனுமதிச் சீட்டுக்கு ஆயுள் 60 நாள்தான். அது தானாகப் புதுப்பித்துக்கொள்கிறதா என்று செய்து தருபவரிடம் கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு மாதத்தில் மறுபடி காலிக் கட்டம்தான்.

இது முதல்முறையும் அல்ல. இதற்கு முந்தைய ஏ.பி.ஐ.யையும் 2020 ஜூன் 29-ல் நிறுத்தினார்கள். அந்தத் தம்பிக்கு போன் போடும்போது, இணைப்பு யார் மெயிலில் பதிவாகியிருக்கிறது என்று கேட்டு, உங்கள் கணக்கையும் அதில் அட்மினாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.